ஒரே நாளில் போட்ட தக்காளி விதை, குழித்தட்டில் மட்டும் நின்றுவிட்டது

மாடிவெயில் | மதுரை | ஜூலை 14, காலை 7:10

வணக்கம். ஜூன் 12 அன்று பி.கே.எம் 1 தக்காளி போட்டேன். ஒரே பொட்டலம், ஒரே நாள். ஆனால் கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் போட்டேன்: 98 குழித்தட்டு (98 சின்னக் குழி உள்ள நாற்றுத் தட்டு) ஒன்று, டீக்கடை பேப்பர் கப் பத்து, அரை லிட்டர் தயிர் டப்பா எட்டு (கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டது). மிச்சம் ஆறு விதையை நேராகப் பெரிய க்ரோ பேக்கிலேயே (செடி வளர்க்கும் பை) ஊன்றிவிட்டேன். பிடுங்கி நடுகிற வேலையாவது மிச்சமாகட்டும் என்று.

இன்றோடு 32 நாள். தயிர் டப்பா நாற்று எட்டு இலையோடு, தண்டு பென்சில் கனத்தில் நிற்கிறது. குழித்தட்டு நாற்று ஒரு சாண் கூட இல்லை. தண்டு மெலிசு, அடியிலை மஞ்சள், இலையைத் திருப்பிப் பார்த்தால் ஊதா. ஒரு வாரமாகப் புது இலையே வரவில்லை. ஆனால் இரண்டு நாற்றில் மொட்டு எட்டிப் பார்க்கிறது. இதுதான் எனக்குப் புரியவில்லை. பேப்பர் கப் இரண்டுக்கும் நடுவில். க்ரோ பேக்கில் ஆறும் முளைத்தது, நாலு செத்துவிட்டது.

முதலிலிருந்தே எல்லாவற்றையும் தயிர் டப்பாவில் போட்டிருக்க வேண்டுமா? அப்படியானால் க்ரோ பேக்கில் ஏன் செத்தது? குழித்தட்டில் நிற்கிற தொண்ணூறு நாற்றை என்ன செய்வது?


உரமூட்டை | சேலம் | ஜூலை 14, காலை 7:48

சத்துக் குறைவு, வேறொன்றும் இல்லை. ஊதா நிறம் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவைக் காட்டும். தட்டில் நிரப்புகிற தென்னை நார்க்கழிவில் அப்படி என்ன சத்து இருக்கிறது? தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து ஊற்றுங்கள், நாலே நாளில் பச்சை கட்டும்.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | ஜூலை 14, மதியம் 1:20

உரமூட்டை சொல்வது பாதி சரி. நான் நிழல்வலைக் கூடாரம் போட்டு நாற்று விற்கிற ஆள், பதினோரு வருடமாக இதே வேலை. 98 குழித்தட்டில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் 32 நாள் அதில் வைத்திருந்ததுதான் குறை. தக்காளிக்கு 22 முதல் 25 நாள். அதற்குள் தட்டை விட்டு இறக்கிவிட வேண்டும்.

எங்களுக்கும் இது நடக்கும். விவசாயி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். மழை பிந்தும், இல்லாவிட்டால் போர்வெல்லில் தண்ணீர் போய்விடும், உழவு முடிந்திருக்காது. "அண்ணே, இன்னும் பத்து நாள் பொறுங்க" என்பார். தண்ணீரைக் குறைத்து நாற்றைப் பிடித்து வைப்போம். 35 நாளில் வந்து எடுத்துப்போவார். அதற்கப்புறம் "நாற்று சரியில்லை, நட்டு இருபது நாளாகியும் எழவே இல்லை" என்று போன் வரும். என்ன பதில் சொல்ல?

ஒன்று செய்யுங்கள். ஒரு குழியை அடியிலிருந்து விரலால் அழுத்தி நாற்றை வெளியே எடுங்கள். நார்க்கட்டி உடையாமல், வெள்ளை வேர் பின்னி வந்தால் சரியான பருவம். வேர் பழுப்பேறி அடியில் சுருண்டிருந்தால் தாண்டிவிட்டது. கட்டியே பிடிக்காமல் உதிர்ந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. நாளை எண்ணுவதைவிட இது நம்பகமானது.


மாடிவெயில் | மதுரை | ஜூலை 14, மாலை 6:35

எடுத்துப் பார்த்தேன் அண்ணா. கட்டி உடையவே இல்லை, கல் மாதிரி வந்தது. நார்க்கழிவே கண்ணுக்குத் தெரியவில்லை, சுற்றிலும் வேர்தான். அடி ஓட்டை வழியாக ஒரு வேர் கொத்து வெளியே வந்து கருகி, நுனி கறுப்பாக நிற்கிறது. குழியின் நாலு மூலையிலும் வேர் நேராக இறங்கி, அடியில் திரும்பி, மறுபடி மேலே ஏற இடம் தேடியிருக்கிறது. நகத்தால் பிரித்தால் பட் பட்டென்று அறுகிறது. தயிர் டப்பாவைக் கவிழ்த்தேன். ஓரத்தில் மட்டும் வெள்ளை வேர், உள்ளே கறுப்பு நார் அப்படியே உதிர்ந்தது.

அப்புறம் கொள்ளளவையும் பார்த்துவிட்டேன். குழியின் ஓட்டையை மெழுகால் அடைத்து, பத்து மில்லி ஊசியில் தண்ணீர் ஏற்றினேன். குழிக்கு 22 மில்லி. டீ கப் 90. தயிர் டப்பா 500. க்ரோ பேக் இருபது லிட்டருக்கு மேல் இருக்கும், அதை அளக்கப் பொறுமை இல்லை.


வேர்க்கணக்கு | கோவை | ஜூலை 14, இரவு 9:50

மெழுகு வைத்து அடைத்ததற்கே ஒரு சபாஷ்.

தொட்டி அளவைப் பற்றி 2012-ல் ஹென்ட்ரிக் போர்ட்டர் என்ற தாவர ஆய்வாளரும் கூட்டாளிகளும் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்று அதில் வருகிறது. உங்கள் குழிக்கும் தயிர் டப்பாவுக்கும் இடையில் நாலரைத் தடவை இரட்டிப்பு இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், வளர்ச்சி ஏன் குறைகிறது என்பது. இலை சின்னதாகிவிடுகிறது என்பது மட்டும் இல்லை. இருக்கிற இலையே சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று சமைக்கிற உணவு குறைந்துபோகிறது. வேருக்குப் போக இடமில்லை என்றால் மேலிருந்து வரும் சர்க்கரை செலவாகாது, அதனால் இலையும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உரமூட்டை சொன்ன 19:19:19 இலையைப் பச்சையாக்கும், ஆனால் வேருக்கு இடம் கொடுக்காது. பச்சையாக நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அதே கட்டுரை ஒரு அளவுகோலும் தருகிறது: ஒரு லிட்டர் மண்ணுக்கு உலர்ந்த செடி எடை ஒரு கிராமைத் தாண்டாமல் இருந்தால் தொட்டி செடியை அவ்வளவாக நெருக்காது. இதை 22 மில்லி குழிக்குப் போட்டால் 0.022 கிராம் வருகிறது. 25 நாள் தக்காளி நாற்றைக் காயவைத்து நிறுத்தால் அதைவிடப் பல மடங்கு தேறும். ஆக, எந்த நாற்றுப்பண்ணையிலும் நாற்று நெருக்கடியில்தான் வளர்கிறது. எத்தனை நாள் நெருக்கடி என்பதில்தான் வித்தியாசம்.

மொட்டு விஷயம்: பி.கே.எம் 1 குட்டையாகப் புதர் கட்டி, பூவில் முடிகிற ரகம். வளர்ச்சி நின்றாலும் அதன் நாள்கணக்கு நிற்பதில்லை. தட்டிலேயே மொட்டு வருவது அதனால்தான்.


உரமூட்டை | சேலம் | ஜூலை 14, இரவு 10:15

பச்சையாக நிற்கும் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி :)


வேப்பமரத்தடி | புதுக்கோட்டை | ஜூலை 15, காலை 5:55

தம்பிகளா, ஒன்று கேட்கிறேன். எங்கள் காலத்தில் தட்டும் இல்லை, கப்பும் இல்லை. மேட்டுப்பாத்தி போட்டு, விரலால் கோடு கிழித்து விதையைத் தூவி, வைக்கோல் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளிப்போம். நடுகிற அன்று நாற்றைப் பறித்தால் பாதி வேர் பாத்தியிலேயே போய்விடும். மூன்று நாள் துவண்டு கிடக்கும், நாலாம் நாள் எழும். காய்க்காமலா இருந்தது? இடம் வேண்டும் என்கிறீர்கள், பாத்தியில்தான் பூமியே இடம். இருந்தும் எங்கள் நாற்று உங்கள் தயிர் டப்பா நாற்று மாதிரி பென்சில் கனத்தில் வந்ததில்லையே?


பனங்கூடல் | யாழ்ப்பாணம் | ஜூலை 15, காலை 8:30

ஐயா சொல்வது எங்கள் பக்கத் தவறணை, அதாவது நாற்றுப் பாத்தி. மிளகாய்க்கும் கத்தரிக்கும் இங்கே இன்னமும் அதுதான். பென்சில் கனம் வராததற்குக் காரணம் நெருக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். தவறணையில் விதை கூடப் போட்டால் கன்றுகள் ஒன்றையொன்று தள்ளி நெட்டையாகப் போகும். நாங்கள் முளைத்து ஒரு கிழமையில் (ஒரு வாரத்தில்) கலைத்துவிடுவோம், அதாவது நெருக்கமாக நிற்கிற கன்றைப் பிடுங்கிவிடுவோம். கலைத்த பாத்தியில் கன்று கட்டையாக, தடித்து வரும். கலைக்காத பாத்தியில் எவ்வளவு பசளை போட்டாலும் வராது. பக்கத்துக் கன்றுதான் அங்கே தொட்டிச் சுவர்.

வீட்டுத்தோட்டத்துக்கு நான் யோகட் கப் பாவிக்கிறேன். மாடிவெயிலின் டீ கப் அளவுதான். நாலு கிழமைவரை பிரச்சினை இல்லை.


வேப்பமரத்தடி | புதுக்கோட்டை | ஜூலை 15, காலை 9:05

அது சரிதான். எங்கள் அம்மா நடுவே நடுவே பிடுங்கிப் போடுவார். கீரையோடு சேர்த்து ஆட்டுக்குப் போய்விடும். எதற்காகப் பிடுங்கினார் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.


மாடிவெயில் | மதுரை | ஜூலை 15, இரவு 8:12

சரி, அப்போது க்ரோ பேக் கதை? அங்கே இடத்துக்கு என்ன குறைச்சல்?


வேர்க்கணக்கு | கோவை | ஜூலை 15, இரவு 9:00

சின்ன செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் மண்ணில் உள்ள தண்ணீரைக் குடிக்க வேர் இருக்காது. மண் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகும்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அப்படியே நெட்டாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். ஸ்பாஞ்ச் அதே ஸ்பாஞ்ச்தான், உயரம் மட்டும் மாறியது. எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தங்கும். அந்த உயரம் மண் கலவையைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்தது இல்லை. அடியில் சரளைக்கல் போட்டால் வடியும் என்பதும் தப்பு. தங்குகிற தண்ணீர் கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆக ஆழம் குறைந்த குழியில் பெரும்பகுதி ஈரம், காற்றுக்கு இடம் கொஞ்சம். ஆழமான டப்பாவில் மேல்பாதியில் காற்று நிறைய. கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் அகலத் தட்டைவிட ஆழக் கப் நல்லது.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | ஜூலை 15, இரவு 9:32

சார், ஸ்பாஞ்ச் விஷயம் அருமை. ஆனால் கொஞ்சம் இடிக்கிறதே. ஆழமான தொட்டியில் மேலே காற்று நிறைய என்கிறீர்கள். க்ரோ பேக் எல்லாவற்றையும்விட ஆழம். விதை கிடப்பது மேலே அரை இஞ்சில். அப்புறம் எப்படி அழுகும்?

மாடிவெயில், செத்த நாற்று எப்படிச் செத்தது? வாடிக் காய்ந்ததா, இல்லை கழுத்தில் சுருங்கி மடிந்து விழுந்ததா? பைக்குள் என்ன கலவை?


மாடிவெயில் | மதுரை | ஜூலை 15, இரவு 10:20

கழுத்தில்தான். மண்ணை ஒட்டி நூல் மாதிரி சுருங்கி, மேல் இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்துவிட்டது. கலவை... போன வருடம் கத்தரி வைத்த பழைய பை. மேலே கொஞ்சம் சாணம் போட்டுக் கிளறினேன். மற்றச் செடிக்குப் பிடிக்கிற மாதிரி தினமும் ஹோஸில் தண்ணீர்.

இப்போது எழுதும்போதே தெரிகிறது. தட்டிலும் டப்பாவிலும் புது நார்க்கழிவும் மண்புழு உரமும், பையில் மட்டும் பழைய மண்.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | ஜூலை 15, இரவு 10:41

அது நாற்றழுகல். பழைய மண்ணில் பித்தியம் என்ற அழுகல் கிருமி இருந்திருக்கும், மக்காத சாணமும் ஹோஸ் தண்ணீரும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டது. பை பெரிதாக இருந்தது குற்றமே இல்லை. தரையில் விதைக்கிற வெண்டை எந்தச் சின்னத் தொட்டியில் முளைத்தது?


வேர்க்கணக்கு | கோவை | ஜூலை 15, இரவு 10:58

ஒத்துக்கொள்கிறேன். கலவையைக் கேட்காமல் காரணம் சொல்லிவிட்டேன். பெரிய தொட்டியில் ஈரம் தங்கும் என்பது உண்மை, ஆனால் இங்கே அது முதல் குற்றவாளி இல்லை.


கொத்தவரை | திருச்சி | ஜூலை 16, காலை 6:40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாக் காய்க்கும் 25 நாள்தானா? என் மிளகாய் 25 நாளில் நாலு இலைதான் விட்டிருக்கிறது. பாகற்காய் நேர்மாறு, பதினைந்து நாளில் தட்டு முழுக்கக் கொடி பின்னி, பிரித்து எடுக்கும்போது பாதி அறுந்துபோனது.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | ஜூலை 16, மதியம் 2:05

மிளகாய் சோம்பேறி, அக்கா. 35 முதல் 40 நாள் எடுக்கும். 98-ல் போட்டால் கடைசிப் பத்து நாள் நெருக்கத்தில்தான் ஓடும். வீட்டுக்கு என்றால் 50 குழித் தட்டோ டீ கப்போ போடுங்கள். கத்தரி இரண்டுக்கும் நடுவில், ஒரு மாதம் கிட்ட.

பாகல், புடலை, சுரை, பூசணி எல்லாம் விதையே பெரிது, வேரும் வேகம். வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். கப்பில் ஒன்றாகப் போட்டு, இரண்டு நிஜ இலை (முளையோடு வரும் வித்திலையை எண்ணாமல்) வந்ததும், அதாவது 12 முதல் 15 நாளில், கப்பைக் கிழித்து அப்படியே வையுங்கள். வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட்டுக்கு நாற்றே வேண்டாம். முள்ளங்கியைக் குழித்தட்டில் போட்டு என்னிடம் போட்டோ காட்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். கிழங்கு ஆணி மாதிரி கோணிக்கொண்டு இருந்தது.

நாள் தாண்டினால் மிகவும் பழிவாங்குவது காலிஃபிளவர். தக்காளி பிந்தினாலும் எழுந்துவிடும். காலிஃபிளவர் நாற்று தட்டில் முற்றினால், வயலில் இலை விரியும் முன்பே எலுமிச்சை அளவுக்கு ஒரு பூ வைத்துவிட்டு நின்றுவிடும். அதற்கப்புறம் எந்த உரத்துக்கும் அசையாது.


கொத்தவரை | திருச்சி | ஜூலை 16, மாலை 4:15

அப்படியானால் பண்ணையிலேயே எல்லாவற்றையும் 50 குழியில் போட்டுத் தந்தால் என்ன? பிந்தினாலும் தாங்குமே. போன முறை நான் வாங்கிய ஒரு இடத்தில் முற்றிய மிளகாய் நாற்றைத் தலையில் கட்டினார்கள். எழவே இல்லை.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | ஜூலை 16, இரவு 7:50

ஏக்கர் கணக்குப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி தக்காளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 11,000 நாற்று. 98 குழியில் 113 தட்டு. 50 குழியில் 220. தட்டின் நீள அகலம் ஒன்றுதான். கூடாரத்தில் இடம் இரண்டு மடங்கு, நார்க்கழிவு கூடுதல், வண்டியில் ஏற்றும்போதும் இரண்டு நடை. நாற்றுக்கு ஐம்பது பைசா கூடச் சொன்னால் விவசாயி பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுவார். அதனால் 98. உங்களுக்குப் பத்துச் செடிதானே, உங்களை யார் தடுத்தது?

மாடிவெயில், உங்கள் தட்டு நாற்றை எறிய வேண்டாம். மொட்டைக் கிள்ளுங்கள். அடியில் சுருண்ட வேரை விரலால் லேசாகக் கலைத்துவிடுங்கள், அறுந்தால் பரவாயில்லை. அடியிலை இரண்டையும் எடுத்துவிட்டு, மேல் இலை வெளியே தெரியுமளவு ஆழமாகப் புதையுங்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயே புது வேர் விடும், பழைய வேரை நம்பி இருக்காது. மிளகாயிடம் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது, அதனால்தான் கொத்தவரை அக்காவின் நாற்று எழவில்லை. சாயங்காலம் நடுங்கள்.


மாடிவெயில் | மதுரை | ஆகஸ்ட் 10, காலை 7:30

ஜூலை 17 சாயங்காலம் தட்டில் இருந்து நாலு, தயிர் டப்பாவில் இருந்து நாலு, ஒரே அளவுப் பையில், ஒரே கலவையில் நட்டேன். மீதித் தட்டு நாற்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் போனது. தட்டுச் செடி ஒன்பது நாள் அசையவே இல்லை. பத்தாம் நாள் கொழுந்து விட்டது. டப்பாச் செடி நட்டது தெரியாத மாதிரி போய்க்கொண்டே இருந்தது, இப்போது பூ.

பரிசோதனைக்காக ஜூலை 15 அன்று அதே தட்டின் காலிக் குழிகளில் மறுபடி விதை போட்டேன். நேற்று முன்தினம் 24-ஆம் நாள். கட்டி பிடித்திருந்தது, வேர் வெள்ளை. அதிலும் நாலு நட்டாயிற்று.


பனங்கூடல் | யாழ்ப்பாணம் | ஆகஸ்ட் 10, காலை 9:40

நேற்று முன்தினம் நட்டது துவண்டதா?


மாடிவெயில் | மதுரை | ஆகஸ்ட் 10, காலை 9:52

மதியம் கொஞ்சம் தலை சாய்ந்தது, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது.


மாடிவெயில் | மதுரை | அக்டோபர் 20, இரவு 8:45

காய் பறித்த கணக்கு. விதை போட்ட நாளில் இருந்து எண்ணியது.

தயிர் டப்பாச் செடியில் முதல் பழம் 88-ஆம் நாள். தட்டில் முற்றவிட்டு நட்டதில் 101-ஆம் நாள். அதே தட்டில் 24 நாளில் எடுத்து நட்டதில் 90-ஆம் நாள். அதாவது 500 மில்லி டப்பாவுக்கும் 22 மில்லி குழிக்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம், நேரத்துக்கு எடுத்திருந்தால். முற்றிய செடியும் பிறகு நன்றாகவே காய்த்தது. இதுவரையான தராசுக் கணக்கில் டப்பாச் செடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதல் பறிப்புதான் பிந்தியது.


வேர்க்கணக்கு | கோவை | அக்டோபர் 20, இரவு 9:30

நாலு நாலு செடி, அதிலும் இரண்டாவது விதைப்பு வேறு பருவம். ஜூலை வெயிலில் முளைத்ததும் ஆகஸ்டில் நட்டதும் ஜூன் விதைப்போடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. 88-க்கும் 90-க்கும் இடையில் எதையும் படிக்காதீர்கள். 101 மட்டும் கொஞ்சம் பேசுகிறது.


நாற்றுக்காரன் | ஒட்டன்சத்திரம் பக்கம் | அக்டோபர் 20, இரவு 9:41

சார், சந்தையில் அந்தப் பதிமூன்று நாள் நிறையவே பேசும். தக்காளி கிலோ நாற்பதில் இருந்து பத்துக்கு இறங்க அவ்வளவு நாள் கூட வேண்டாம்.


கொத்தவரை | திருச்சி | அக்டோபர் 21, காலை 6:20

டீ கப்பில் போட்ட மிளகாய் 38 நாளில் நட்டது, இப்போது காய் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி: பேப்பர் கப்பின் உள்ளே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதே, அதோடு புதைக்கலாமா?


மாடிவெயில் | மதுரை | அக்டோபர் 21, காலை 7:05

வேண்டாம் அக்கா, அது பிளாஸ்டிக் பூச்சு. நான் ஒன்றைக் கிழிக்காமல் புதைத்து, போன வாரம் தோண்டிப் பார்த்தேன். பேப்பர் கரைந்துவிட்டது, பூச்சு மட்டும் கப் வடிவத்தில் அப்படியே நிற்கிறது. வேர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.